ஸ்டோரேஜ் பெட்டியில் ஒரு டிஸ்க் படுக்கத் தொடங்கினால் அதை மாற்றுவது எப்படி

இரவு பதினொன்றரைக்கு போனில் ஒரு மெயில் வந்து விழுகிறது: பூல் டிகிரேடட். பல டிஸ்க்குகள் ஒரே சேமிப்பாகச் சேர்ந்து இயங்கும் கூட்டம்தான் பூல், அதில் ஏதோ ஒன்று தடுமாறுகிறது என்று அர்த்தம். வீட்டுப் படங்கள், ஆபீஸ் கணக்கு, வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான், போய் அந்த டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டுக் கைவசம் இருக்கிற வேறொன்றைச் செருகிவிடலாம் என்று. அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம், முதல் வேலை முழுவதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தெரிந்த ஒருவரின் கல்யாண போட்டோ ஸ்டுடியோவில் நான்கு டிஸ்க் பெட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது என்கிற அமைப்பு. ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. அந்த மென்பொருள் டிஸ்க்குகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும், பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்த எண்களோ ஒன்றிலிருந்து தொடங்கின. திரையில் 2 என்று பார்த்துவிட்டு, 2 என்று ஒட்டியிருந்த ட்ரேயை இழுத்தேன். அது நல்ல டிஸ்க். பழுதானது அதற்கு அடுத்ததில் இருந்தது. அடுத்த நொடியே பூல் மொத்தமும் நின்றுபோனது. எட்டு மாதக் கல்யாணப் படங்கள், பாதி இன்னும் ஆல்பமாகவில்லை. டிஸ்க்கைத் திரும்பச் செருகி, பெட்டியை மறுபடி கிளப்பி, பூல் எழுந்து வரும்வரை அந்த அறையில் யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில் யாரும் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை என்பதால் ஒரு கோப்புகூடப் போகவில்லை. எழுதிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஆபீஸில் இருப்பது லினக்ஸ், அதில் டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை, ஆறு 8 டிபி டிஸ்க்குகள், ரெய்டு-இசட்2. அதாவது எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தகவல் இருக்கும். அதை வைத்தே சொல்கிறேன். கட்டளைகளின் பெயரை ஒலிக்கிறபடி எழுதுகிறேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு அமைப்பு வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் ஒரு பகுதி இருக்கிறது.

உண்மையிலேயே டிஸ்க்தானா?

முதலில் இசட்பூல் ஸ்டேட்டஸ். ஒவ்வொரு டிஸ்க்கின் பெயருக்கு நேராகவும் மூன்று எண்கள் வரும்: படிக்கும்போது வந்த பிழை, எழுதும்போது வந்த பிழை, படித்தது செக்சம்முடன், அதாவது எழுதும்போதே குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணுடன், ஒத்துப்போகாத பிழை. ஒரே ஒரு டிஸ்க்குக்கு நேராக மட்டும் படிக்கும் பிழைகள் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் அந்த டிஸ்க் மேல். இரண்டு மூன்று டிஸ்க்குகளுக்கு நேராக ஒரே நேரத்தில் செக்சம் பிழை வந்தால் டிஸ்க் வாங்க ஓடாதீர்கள். மூன்று டிஸ்க் ஒரே ராத்திரியில் சேர்ந்து படுப்பது அபூர்வம், அவை பகிர்ந்துகொள்கிற ஏதோ ஒன்று கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். கன்ட்ரோலர் கார்டு, பவர் சப்ளை, ஒரு வயரை நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், சில சமயம் ராம்.

அப்புறம் ஸ்மார்ட், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிற வசதி. ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையை ஏ ஆப்ஷனோடும் டிஸ்க்கின் பெயரோடும் கொடுத்தால் ஒரு பெரிய அட்டவணை வரும். எல்லாவற்றையும் படித்துக் குழம்ப வேண்டாம். 5-ஆம் எண் வரிசையில் இருப்பது, டிஸ்க் இதுவரை கெட்டுப்போனதென்று ஒதுக்கி, உதிரி இடத்துக்கு மாற்றிய செக்டர்களின், அதாவது சின்னச் சின்னச் சேமிப்புத் துண்டுகளின், கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல், ஒதுக்கவும் முடியாமல் நடுவில் நிற்கிற செக்டர்கள். 198 சோதனையின்போது படிக்கவே முடியாமல் போனவை. இவற்றோடு 187, 188 இரண்டையும் சேர்த்து ஐந்தைத்தான் பேக்பிளேஸ் நிறுவனமும் பார்க்கிறது. பல்லாயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டுகிறவர்கள் அவர்கள், தங்களிடம் செத்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இந்த ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தது என்று 2016-இல் எழுதினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் அப்படி இருந்தவை 4.2 சதவீதம் மட்டும்.

199 மட்டும் ஏறியிருந்தால் அது வேறு கதை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில், அதாவது சாட்டா கேபிளில், தகவல் சிதைகிறது என்று அர்த்தம். நூறு ரூபாய் கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடுகிற பிரச்சினைக்காகப் பலர் புது டிஸ்க் வாங்கியிருக்கிறார்கள். கேபிளை மாற்றிய பிறகும் இந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அது வாழ்நாள் கணக்கு. மேற்கொண்டு ஏறாமல் நின்றாலே போதும்.

எப்போது மாற்றுவது என்பதில் என் கணக்கு இதுதான். 5-ஆம் வரிசையில் 8 என்று வந்து ஆறு மாதமாக அப்படியே இருந்தால் விட்டுவிடுவேன், குறித்துவைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பார்ப்பேன். 197-இல் எண் வந்து, இன்று பார்த்ததைவிட அடுத்த வாரம் கூடியிருந்தால் யோசிக்கவே மாட்டேன், மாற்றிவிடுவேன். எண் எவ்வளவு என்பதைவிட அது நகர்கிறதா என்பதுதான் முக்கியம். அதனால் முதல்நாள் வந்த அட்டவணையை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.

அட்டவணைக்கு மேலே ஸ்மார்ட் "பாஸ்ட்", அதாவது தேறிவிட்டது, என்று ஒரு வரி போட்டிருக்கும். அதை நம்பி நிம்மதியாகாதீர்கள். கூகுள் 2007-இல் தன்னுடைய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், வலுவான அறிகுறிகள் என்று அவர்கள் கருதிய நான்கு எண்களில் ஒன்றுகூட அசையாமலேயே போயிருந்தன. இன்னொரு பக்கம், ஸ்கேன் பிழை முதன்முறையாக வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் போவதற்கான வாய்ப்பு, அப்படி வராததைவிட 39 மடங்கு. அதனால் அறிகுறி வந்தால் நம்புங்கள், வரவில்லை என்பதற்காக நம்பாதீர்கள். ஸ்மார்ட் பாஸ்ட் என்று சொல்லும்போதே இசட்எஃப்எஸ் அந்த டிஸ்க்கைக் கழித்துக்கட்டியிருந்தால், நான் இசட்எஃப்எஸ் பக்கம்தான்.

டிஸ்க்தான் என்று உறுதியாகிவிட்டால், வேறெதையும் தொடுவதற்கு முன் பேக்கப்பைப் பாருங்கள். கடைசியாக எப்போது ஓடியது, அதிலிருந்து ஒரு கோப்பை உண்மையிலேயே எடுக்க முடிகிறதா, திறந்து பார்த்தீர்களா. இல்லை, பழசாக இருக்கிறது என்றால் இன்றிரவே முக்கியமானதை மட்டுமாவது வெளியே நகலெடுங்கள், திரும்ப உருவாக்கவே முடியாதவற்றை முதலில், இன்டர்நெட்டிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளக் கூடியவற்றைக் கடைசியில். இந்த நேரத்தில் ஸ்க்ரப் (பூலில் உள்ள எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்ட வேண்டாம், நீண்ட ஸ்மார்ட் சோதனையும் வேண்டாம். தள்ளாடுகிற டிஸ்க்குக்கு இன்னும் மிச்சமிருக்கிற தெம்பு பேக்கப்புக்குப் பயன்படட்டும்.

எந்த டிஸ்க்?

இந்த இடத்தில்தான் நிறுத்தி நிதானமாக வேலை செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான்.

லினக்ஸ் டிஸ்க்குகளுக்குக் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் நிரந்தரமல்ல. இன்று எஸ்டிசி என்று இருப்பது நாளை பெட்டியை மறுபடி கிளப்பினால் எஸ்டிடி ஆகிவிடலாம், ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால்கூட வரிசை மாறும். அதனால் அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போகாதீர்கள். நம்பக்கூடியது சீரியல் நம்பர் ஒன்றுதான். ஸ்மார்ட்சிடிஎல் காட்டுகிற சீரியல் நம்பரும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சடித்த சீரியல் நம்பரும் ஒன்றாக இருக்கும், அது எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் மாறாது. டெவ் அடைவுக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்று ஓர் அடைவு இருக்கிறது. அங்கே ஒவ்வொரு டிஸ்க்கும் மாடலும் சீரியலும் சேர்ந்த பெயரோடு இருக்கும். பூலை உருவாக்கும்போதே அந்தப் பெயர்களைப் பயன்படுத்தியிருந்தால் இசட்பூல் ஸ்டேட்டஸிலேயே சீரியல் தெரியும். அப்படிச் செய்யவில்லை என்றால், இந்த வேலை முடிந்த பிறகு பூலை எக்ஸ்போர்ட் செய்து, பை-ஐடி அடைவைக் காட்டி மறுபடி இம்போர்ட் செய்துவிடுங்கள், தகவலுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, சீரியல் தெரிந்துவிட்டது. அது எந்த ட்ரேயில் இருக்கிறது? சர்வர் வகைப் பெட்டி என்றால் லெட்சிடிஎல் என்ற கட்டளை அந்த ட்ரேயின் விளக்கைச் சிமிட்ட வைக்கும். பெரும்பாலான சின்னப் பெட்டிகளில் அந்த வசதி கிடையாது, டிஸ்க் வேலை செய்யும்போது மினுக்கும் விளக்கு மட்டும் இருக்கும். அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். டிஸ்க் உயிரோடு இருந்தால் டிடி கட்டளையால் அதிலிருந்து படித்து, படித்ததை டெவ் நல்லுக்கு, அதாவது குப்பைக்கு அனுப்புங்கள். எந்த விளக்கு விடாமல் எரிகிறதோ அது. டிடியில் இன்புட், அவுட்புட் இடம் மாறிவிட்டால் டிஸ்க்கே அழிந்துவிடும், அதனால் என்டர் தட்டுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். டிஸ்க் முழுக்க செத்துவிட்டிருந்தால் இதையே தலைகீழாகச் செய்யலாம்: மற்ற எல்லா டிஸ்க்குகளையும் படிக்க வையுங்கள், இருட்டாக இருப்பதுதான் செத்தது.

விளக்கே இல்லாத பெட்டியா, பெட்டியை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு ஒவ்வொரு டிஸ்க்காக வெளியே எடுத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். அரை மணி நேரம் சர்வர் நிற்கும், நிற்கட்டும். எடுத்த ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, எந்த ஸ்லாட்டில் எந்த சீரியல் என்று ஒரு தாளில் வரைந்து பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். சீரியலின் கடைசி நான்கு எழுத்து போதும். டிஸ்க் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்து வைத்திருந்தால் மெயில் வரும் இரவில் இந்தப் பகுதி மொத்தமும் இரண்டு நிமிட வேலை.

புது டிஸ்க்

பழையதைவிடக் கொள்ளளவு குறைந்தால் எடுத்துக்கொள்ளாது, சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். 8 டிபிக்குப் பதில் 12 டிபி போடலாம், ஆனால் அந்தக் குழுவில் இருக்கிற ஆறும் 12 ஆகும்வரை கூடுதல் இடம் உங்களுக்குக் கிடைக்காது.

எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கைத் தவிர்த்துவிடுங்கள். ஓட்டு வேய்வதுபோல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் கொஞ்சம் ஏறியிருக்கும்படி எழுதுகிற முறை அது. அதனால் நடுவில் ஒரு இடத்தை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். தினசரி வேலையில் தெரியாது, தகவலைப் புது டிஸ்க்கில் திரும்பக் கட்ட நாள் முழுக்க விடாமல் எழுத வேண்டிய ரீபில்டில் மூச்சுத் திணறி நிற்கும், சில சமயம் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று அமைப்பே அதை வெளியே தள்ளிவிடும். நாஸ், அதாவது நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் ஸ்டோரேஜ் பெட்டிக்கென்று விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையான மாடல்கள் சில இந்த வகை என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் பழைய முறையில் எழுதும் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனிப் பெயரில் விற்கத் தொடங்கினார்கள். அதனால் டப்பாவின் மேல் நாஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், மாடல் எண்ணை வைத்து சிஎம்ஆரா என்று நிறுவனத்தின் பட்டியலில் தேடிவிட்டு வாங்குங்கள். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர்.

நாஸ் டிஸ்க்குக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்றால் ஏழு விநாடி போலப் போராடிவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் பொதுவாகக் காத்திருப்பது 30 விநாடி. ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் வெளியேற்றப்படுவது இப்படித்தான்.

புதிது வந்தவுடன் நேராகப் பெட்டிக்குள் போடாதீர்கள். கூரியரில் எப்படியெல்லாம் தூக்கிப் போட்டிருப்பார்களோ. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி நீண்ட ஸ்மார்ட் சோதனையை ஓட்டுங்கள், 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் பிடிக்கும். முடிந்ததும் நான் மேலே சொன்ன எண்கள் எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும், ஒன்று இருந்தாலும் கடைக்குத் திருப்பிவிடுங்கள். அவகாசம் இருந்தால் பேட்பிளாக்ஸ் கட்டளையின் எழுதும் சோதனையும் ஓட்டலாம். அது நான்கு விதமாக எழுதி ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பதால் மொத்தம் எட்டுச் சுற்று, 8 டிபிக்கு நான்கு ஐந்து நாள் ஆகும். ஏற்கெனவே ஒரு டிஸ்க் முழுதாகப் போய்விட்டது, தாங்கும் சக்தி குறைந்திருக்கிறது என்றால் ஐந்து நாள் காத்திருக்க மாட்டேன், ஸ்மார்ட் சோதனையோடு நிறுத்திக்கொள்வேன். இந்த எழுதும் சோதனை டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கும், அதனால்தான் வேறு கம்ப்யூட்டரில் என்றேன். ஸ்டோரேஜ் பெட்டியிலேயே ஓட்டி, பெயரில் ஓர் எழுத்து மாறினால் நல்ல டிஸ்க் போய்விடும்.

மாற்றுவது

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பழைய டிஸ்க் கொஞ்சமாவது படிக்கிறது என்றால் அதைக் கழற்றாமலேயே மாற்றலாம், அப்படித்தான் மாற்றவும் வேண்டும். பெட்டியில் காலி ஸ்லாட்டோ போர்டில் காலி சாட்டா போர்ட்டோ இருந்தால் புதியதை அங்கே மாட்டுங்கள். பிறகு இசட்பூல் ரிப்ளேஸ், அதன்பின் பூலின் பெயர், பழைய டிஸ்க்கின் பெயர், புதிய டிஸ்க்கின் பெயர், இந்த வரிசையில். ஸ்டேட்டஸில் இரண்டும் ஒரே கூட்டின் கீழ், ரிப்ளேசிங் என்று தெரியும். பழையது தன்னால் முடிந்தவரை கொடுக்கும், அது திணறுகிற இடத்தில் மட்டும் மற்ற ஐந்திலிருந்து கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் பழையது தானாகவே பூலிலிருந்து விலகிவிடும்.

இதனால் என்ன லாபம் என்றால், மாற்றும் நேரம் முழுவதும் உங்கள் பாதுகாப்பு குறையாமல் இருக்கிறது. சாதாரண டிஸ்க்குகளின் விவரத் தாளில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள், கணக்குப் போட்டால் 12.5 டிபி. நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே ஓடுகின்றன. இருந்தாலும் ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் அமைப்பில், நான்கு 8 டிபி டிஸ்க்கில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்ற மூன்றையும் முழுக்கப் படிப்பது என்றால் 24 டிபி, அதில் ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனால் அதைச் சரிக்கட்ட வேறு வழியே இருக்காது. பழைய டிஸ்க் உள்ளேயே இருந்தால் அந்தச் செக்டரைத் திரும்பக் கணக்கிடத் தேவையான பங்கு அதில் பத்திரமாக இருக்கும். பாதி செத்த டிஸ்க்குக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

யுஎஸ்பி டாக்கில் மாட்டி இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை. சில டாக்குகள் சீரியல் நம்பரை மறைத்துத் தங்கள் பெயரைக் காட்டுகின்றன, நடுவில் தொடர்பு அறுந்து வருவதும் உண்டு.

காலி இடமே இல்லை, அல்லது பழையது முழுக்கச் செத்துவிட்டது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். முதலில் இசட்பூல் ஆஃப்லைன், பூலின் பெயர், டிஸ்க்கின் பெயர். ஸ்டேட்டஸ் பார்த்து, நீங்கள் நினைத்த டிஸ்க்தான் ஆஃப்லைன் என்று காட்டுகிறதா, மற்றவை எல்லாம் ஆன்லைனில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அப்புறம் பெட்டிக்குப் போங்கள். ஓடும்போதே கழற்றும் வசதி உள்ள பெட்டியாக இருந்தால், ட்ரேயை ஒரு விரற்கடை மட்டும் இழுத்துத் தொடர்பை அறுத்துவிட்டு அரை நிமிடம் அப்படியே விடுங்கள், உள்ளே சுற்றுகிற தட்டு நிற்கட்டும். அதற்குப் பிறகு முழுதாக எடுத்து, ஸ்டிக்கரில் உள்ள சீரியலைத் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அதே ட்ரேயில் அதே டிஸ்க்கைத் திரும்பச் செருகுங்கள், வேறெதுவும் செய்யாதீர்கள். இசட்எஃப்எஸ் விட்டுப்போன சில நிமிடங்களை மட்டும் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடும். அந்த வசதி இல்லாத பெட்டி என்றால் ஷட்டவுன் செய்து, பவர் வயரையும் உருவிவிட்டு வேலை செய்யுங்கள். டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொள்வது நல்லது, உடம்பில் இருக்கும் மின்னூட்டம் அதில் இறங்கிவிடும். ட்ரேயில் உள்ள பழைய ஸ்க்ரூவையே திரும்பப் போடுங்கள், மூன்றரை அங்குல டிஸ்க்குக்கும் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் ஸ்க்ரூ புரி வேறு.

செருகிய பிறகு அதே ரிப்ளேஸ் கட்டளை. பழைய டிஸ்க் இப்போது இல்லாததால் ஸ்டேட்டஸில் அதன் பெயருக்குப் பதில் ஒரு நீண்ட எண் வந்திருக்கலாம், அந்த எண்ணையே பழைய பெயராகக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். ரிப்ளேஸ் என்பதற்குப் பதில் ஆட் என்று கொடுத்துவிடுவது. புது டிஸ்க்கைச் சேர்க்கிறோம், ஆட் தானே என்று தோன்றும். ஆனால் ஆட் என்றால் அந்த ஒற்றை டிஸ்க், துணை எதுவும் இல்லாமல், பூலின் இன்னொரு தனி அங்கமாகச் சேரும். பழுதான டிஸ்க் அப்படியே பழுதாக நிற்கும், புதிதாகச் சேர்த்தது போனால் மொத்தப் பூலும் போகும். ரெய்டு-இசட் இருக்கிற பூலிலிருந்து அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது, எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்துப் பூலைப் புதிதாகக் கட்டுவதுதான் ஒரே வழி. இசட்எஃப்எஸ் சும்மா விடாது, பாதுகாப்பு நிலை பொருந்தவில்லை என்று எச்சரித்து நிறுத்தும். அந்த இடத்தில் ஃபோர்ஸ் ஆப்ஷனைப் போட்டு மேலே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரிப்ளேஸிலும் ஃபோர்ஸ் கேட்கும் சந்தர்ப்பம் உண்டு, புது டிஸ்க்கில் பழைய பார்ட்டிஷன் ஏதாவது இருந்தால் கேட்கும். எதற்காகக் கேட்கிறது என்று வரியை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காத்திருக்கும் நேரம்

இனி ரீசில்வர் ஓடும், ரீபில்டுக்கு இசட்எஃப்எஸ் வைத்திருக்கும் பெயர் அது. இசட்எஃப்எஸ் தகவல் இருக்கிற இடத்தை மட்டும்தான் புதியதில் எழுதும், பூல் பாதி காலி என்றால் வேலையும் பாதி. முழுக்க நிரம்பிய 8 டிபியை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய 15 மணி நேரம், ஆட்கள் பூலைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். முதல் அரை மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் காட்டும் மீதி நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எங்கே என்ன இருக்கிறது என்று தேடி வரிசைப்படுத்தும் கட்டம் அது. அந்த ராத்திரி ஓட வேண்டிய பெரிய வேலைகளை நிறுத்தி வையுங்கள். யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பாருங்கள். கரண்ட் போனால் ரீசில்வர் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் தள்ளாடுகிற டிஸ்க் நின்று மறுபடி சுற்றத் தொடங்கும்போதுதான் பல சமயம் எழாமல் போகிறது. எல்லா டிஸ்க்கும் சேர்ந்து உழைப்பதால் சூடு ஏறும். 45 டிகிரிக்கு மேல் போனால் நான் பெட்டியின் முன்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்துவிடுவேன்.

நடுவில் இன்னொரு டிஸ்க்கும் பிழை காட்டத் தொடங்கினால்? கை வைக்காதீர்கள். ரெய்டு-இசட்2 என்றால் அது தாங்கும், ஓடி முடியட்டும், அடுத்ததை அதற்குப் பிறகு பார்க்கலாம். ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் ரெய்டு-இசட்1 என்றாலும் ஓடட்டும். முடிந்தபின் ஸ்டேட்டஸை வி ஆப்ஷனோடு கேட்டால் எந்தெந்தக் கோப்புகள் கெட்டன என்று பெயரோடு சொல்லும், அவற்றை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடலாம். ஒரு செக்டருக்காக முழுப் பூலையும் கைவிடாமல் இப்படிப் பெயர் சொல்கிறதே, அதற்காகவே நான் இசட்எஃப்எஸ்ஸை விட்டு நகர்வதில்லை.

முடிந்ததும் ஒரு ஸ்க்ரப் ஓட்டுங்கள். அது எல்லாவற்றையும் ஒருமுறை படித்துச் சரிபார்க்கும். பிழை பூஜ்யம் என்று வந்தால் இசட்பூல் கிளியர் கொடுத்து எண்களைத் துடைத்துவிடலாம். அடுத்த முறை ஏறினால் அது புதுப் பிழை என்று தெரியும். டெபியனிலும் உபுண்டுவிலும் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஸ்க்ரப் தானாகவே ஓடும்படி வைத்திருக்கிறார்கள், அதை யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.

வேறு அமைப்பு வைத்திருந்தால்

லினக்ஸின் எம்டி ரெய்டில் ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு நல்ல டிஸ்க்குக்கும் ஒரு யு எழுத்தும் போனதற்கு ஓர் அடிக்கோடும் இருக்கும். எம்டிஆட்ம் கட்டளையில் ஃபெயில், ரிமூவ், ஆட் என்ற மூன்றை வரிசையாகக் கொடுத்து மாற்றுவதுதான் எல்லாரும் செய்வது. ஆமாம், இங்கே ஆட் சரிதான். ஆனால் இங்கும் பழையதைக் கழற்றாமல் மாற்றும் வழி இருக்கிறது: புதியதை ஸ்பேராகச் சேர்த்துவிட்டு ரிப்ளேஸ், வித் என்ற இரண்டு ஆப்ஷன்களால் இதற்குப் பதில் அது என்று சொல்லலாம். லினக்ஸ் கெர்னல் 3.3-இலிருந்தே இந்த வசதி உண்டு. பார்ட்டிஷன் மேல் ரெய்டு கட்டியிருந்தால் புது டிஸ்க்கிலும் அதே பார்ட்டிஷன் அமைப்பை முதலில் போட வேண்டும், பூட் ஆகிற டிஸ்க் என்றால் பூட்லோடரையும் அதில் ஏற்ற வேண்டும். இதை மறந்தால் அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த முறை இன்னொரு டிஸ்க் போகும் நாளில் சர்வர் கிளம்பாது.

ஹார்டுவேர் ரெய்டு கார்டு என்றால் பெரும்பாலும் புதியதைச் செருகியதுமே தானாக ரீபில்ட் தொடங்கிவிடும். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஃபாரின் கான்ஃபிக் என்று திரையில் வந்தால் அவசரத்தில் கிளியர் அழுத்தாதீர்கள். வேறு கார்டில் இருந்த டிஸ்க் என்பதற்காகவும் அது வரலாம், உங்கள் சொந்த டிஸ்க் ஒருமுறை தொடர்பு அறுந்து திரும்பியதற்காகவும் வரலாம்.

கழற்றிய டிஸ்க்

வாரண்டி இருந்தால் சீரியலை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஆனால் அதில் உங்கள் தகவல் இருக்கிறது. பூல் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிட்டு அனுப்புங்கள், எழுத முடியாத அளவுக்குப் பழுதாகிவிட்டது என்றால் வாடிக்கையாளரின் கணக்கோ குடும்பப் படங்களோ இருக்கிற டிஸ்க்கை நான் அனுப்ப மாட்டேன். வாரண்டியை விட்டுவிட்டு, தட்டுகள் வரை துளைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுவேன். ரீசில்வர் முடிந்து ஸ்க்ரப்பும் சுத்தமாக வரும்வரை இதில் எதையும் செய்யாமல், பழையதை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி மேஜை டிராயரில் வையுங்கள்.

அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் பழைய சீரியலை அடித்துவிட்டுப் புதியதின் கடைசி நான்கு எழுத்தையும் தேதியையும் எழுதுங்கள். மற்ற ஐந்தும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை என்றால், சோதித்து வைத்த ஒரு ஸ்பேர் டிஸ்க்கையும் இந்த வாரமே வாங்கி அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.